குணமாகாத நோய் என்றால் வைத்தியம் முடிந்துவிட்டதா?



ஒரு பிள்ளையின் நோய்க்கு முழுக் குணம் இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னதும் நம்முடைய லயங்களில் பெரும்பாலும் மூன்று காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, "டாக்டரு கைய விரிச்சிட்டாரு" என்று சொல்லி கிளினிக் போவதை நிறுத்திவிடுகிறோம். இரண்டு, கையில் காதில் கிடப்பதை அடகு வைத்து, மந்திரம், தாயத்து, நேர்த்தி என்று ஊர் ஊராக அலைகிறோம். மூன்று, பிள்ளையைக் காம்பராவுக்கு உள்ளேயே படுக்கவைத்து, யார் கேட்டாலும் "சும்மா காய்ச்சல்தான்" என்று சொல்லி மறைத்துவிடுகிறோம்.

மூன்றையும் பாசத்தினால்தான் செய்கிறோம். அதில் சந்தேகமில்லை. சாமி கும்பிடுவதையும் யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் இந்த மூன்றினாலும் கஷ்டப்படுவது பிள்ளைதான். ஏனென்றால் "நோயைக் குணமாக்க முடியாது" என்பது ஒரு பேச்சு, "பிள்ளைக்குச் செய்ய ஒன்றுமில்லை" என்பது வேறு பேச்சு. டாக்டர் சொல்வது முதலாவதை. நாம் வீட்டுக்குக் கொண்டுவருவது இரண்டாவதை. இந்த வித்தியாசத்தை விளங்கப்படுத்தவே இந்தக் கட்டுரை.

எந்த நோய்கள்?

பிள்ளைகளின் ஆயுளைக் குறைக்கக்கூடிய நோய்கள் பல உண்டு. எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல.

முதல் வகை, குணமாகலாம், ஆனால் சிலருக்குக் குணமாகாமலும் போகலாம் என்ற நோய்கள். புற்றுநோய், கடுமையான இருதய நோய், சிறுநீரகம் பழுதாவது போன்றவை இதில் சேரும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய் பெரியவர்களுக்கு வருவது போல் அல்ல. நேரத்தோடு கண்டுபிடித்து, வைத்தியத்தை இடையில் விடாமல் செய்தால் பல பிள்ளைகள் முழுதாகக் குணமடைகிறார்கள். பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் இரத்தப் புற்றுநோயிலும் அப்படித்தான். ஆகவே "கேன்சர்" என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பி வந்துவிடக் கூடாது.

இரண்டாவது வகை, வருடக்கணக்கில் வைத்தியம் செய்து பிள்ளையை நல்லபடி வளர்க்கக்கூடிய நோய்கள். தலசீமியா நல்ல உதாரணம். இந்தப் பிள்ளைகளின் உடம்பு போதிய இரத்தம் உண்டாக்காது. இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் இரத்தத்தினால் உடம்பில் சேரும் இரும்புச் சத்தை வெளியேற்றவும் மருந்து எடுக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் பிள்ளை படித்து, வளர்ந்து, வேலைக்கும் போகலாம். விட்டுவிட்டால் இருதயமும் ஈரலும் கெட்டுப்போகும்.

மூன்றாவது வகை, மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும் நோய்கள். ஆண் பிள்ளைகளுக்கு வரும் டுசேன் என்ற தசை நோய் இதில் ஒன்று. ஓடி விளையாடிய பிள்ளை அடிக்கடி விழுவான், படி ஏறச் சிரமப்படுவான், பெரும்பாலும் பன்னிரண்டு வயதுக்குள் நடக்க முடியாமல் போகும்.

நான்காவது வகை, நோய் கூடாது, ஆனால் அதனால் வரும் தொல்லைகள் உயிருக்கு ஆபத்தாகலாம். பிறக்கும்போதோ அதற்கு முன்போ மூளை பாதிக்கப்பட்டு, உட்காரவும் விழுங்கவும் முடியாமல் இருக்கும் பிள்ளைகள் இந்த வகை. அடிக்கடி நெஞ்சுச் சளியும் வலிப்பும் இவர்களை வாட்டும்.

தணிக்கும் வைத்தியம் என்றால் என்ன?

இந்தப் பிள்ளைகளின் வேதனையைக் குறைத்து, இருக்கும் நாளை நல்ல நாளாக்கும் வைத்தியத்தை டாக்டர்மார் "பாலியேட்டிவ் கேர்" என்கிறார்கள். தமிழில் நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்று சொல்லலாம். இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட் நகரில் 1982 ஆம் ஆண்டு ஹெலன் ஹவுஸ் என்ற இல்லம் திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே உலகில் முதன்முதலாக ஏற்பட்ட இல்லம் அதுதான். உலக சுகாதார நிறுவனம் 1998 ஆம் ஆண்டு இதற்கு விளக்கம் கொடுத்தது. பிள்ளையின் உடம்பு, மனம், ஆன்மா மூன்றையும் கவனிப்பதும், குடும்பத்துக்குக் கைகொடுப்பதும் இதில் அடங்கும். நோய் என்னவென்று தெரிந்த நாளிலேயே இது தொடங்க வேண்டும், நோய்க்கான மற்ற வைத்தியம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர வேண்டும் என்பது அந்த விளக்கம். 2014 ஆம் ஆண்டு உலக சுகாதாரப் பேரவையும் எல்லா நாடுகளும் இதைத் தங்கள் சுகாதார சேவைக்குள் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் எடுத்தது.

ஆக, இது சாகப்போகும் கடைசிக் கிழமைக்கு மட்டும் உரிய வைத்தியமல்ல. டாக்டர் இந்தப் பேச்சை எடுத்தால் "நம்ம புள்ளைய ஒதுக்கிட்டாங்க" என்று நினைக்க வேண்டியதில்லை.

வலி: அழாத பிள்ளையைத்தான் கவனிக்க வேண்டும்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். வலி விஷயத்தில் இது சரிவராது. பல நாள் வலியோடு இருக்கும் பிள்ளை அழுவதற்கும் தெம்பில்லாமல் அமைதியாகிவிடும். விளையாடாது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கும், தொட்டால் சுருங்கும், சாப்பாட்டை ஒதுக்கும், தூங்காது. "நல்ல புள்ள, சத்தமே போடாம படுத்திருக்கு" என்று நாம் நினைப்போம். அது வலியாக இருக்கலாம்.

மூன்று நான்கு வயதுப் பிள்ளையிடம் எந்த இடத்தில் நோகிறது என்று கேட்டால் தொட்டுக் காட்டும். கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு ஒரு தாளில் சிரித்த முகத்திலிருந்து அழுத முகம் வரை ஐந்தாறு முகம் வரைந்து, "இப்ப நீ எந்த மொகம்?" என்று கேட்கலாம். ஆஸ்பத்திரிகளிலும் இப்படிப்பட்ட படத்தை வைத்துத்தான் கேட்கிறார்கள். பேச முடியாத பிள்ளையின் வலியைத் தாயைவிட யாரும் அறிய முடியாது. எந்த நேரம் வலி வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று கிளினிக் கொப்பியின் பின்பக்கம் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் மூத்த பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு பக்கம் டாக்டருக்குப் பெரிய உதவி.

குறைந்த வலிக்கு பரசிட்டமோல், அதாவது நாம் பனடோல் என்று சொல்வது, அல்லது இபுப்ரொஃபன் கொடுப்பார்கள். அளவு பிள்ளையின் நிறையைப் பொறுத்தது. பெரியவர்களின் குளிசையைக் கண்மட்டத்துக்கு உடைத்துக் கொடுக்காதீர்கள். கடையில் வாங்கும் அஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டாம். இரத்த நோயோ சிறுநீரக நோயோ உள்ள பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் இபுப்ரொஃபனும் கொடுக்க வேண்டாம்.

இதற்கு அடங்காத கடும் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்கும் சிபாரிசு செய்யும் மருந்து மோர்பின். இந்தப் பெயரைக் கேட்டாலே நம் ஆட்களுக்குப் பயம். ஒரு தோட்டத்தில் ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "ஐயா, புள்ள ராத்திரியெல்லாம் மொனகுறான். ஆனா அந்த மருந்த குடுத்தா பழக்கமாயிரும், சீக்கிரம் கொண்டுபோயிரும்னு பக்கத்து காம்பராவுல சொல்றாங்க. நான் எடுத்து மேல வச்சிட்டேன்." அடுத்த கிளினிக்கில் டாக்டர் அவருக்கு உட்கார்ந்து விளங்கப்படுத்தினார். மருந்தை நேரத்துக்குக் கொடுக்கத் தொடங்கிய பிறகு பிள்ளை இரவில் தூங்கினான், பகலில் எழுந்து உட்கார்ந்து தம்பியோடு தாயம் விளையாடினான். நோய் போகவில்லை. நான்கு மாதத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை காலமானான். அந்த நான்கு மாதமும் அவன் முனகிக்கொண்டு இருக்கவில்லை.

மோர்பின் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை:

1. வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கும்போது பிள்ளை போதைக்கு அடிமையாவதில்லை. சரியான அளவு ஆயுளைக் குறைப்பதும் இல்லை.

2. வலி வரட்டும் என்று காத்திருக்காமல் மணிக்கணக்கில் கொடுக்க வேண்டும். சாதாரண மோர்பின் என்றால் பெரும்பாலும் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. இடையில் வலி கூடினால் எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

3. மலச்சிக்கல் நிச்சயம் வரும். அதற்குரிய மருந்தையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கம் அதிகமாக இருக்கும், பிறகு குறையும். எழுப்பியும் எழும்பாவிட்டால், மூச்சு மிகவும் மெதுவானால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

4. திடீரென்று நிறுத்தக் கூடாது. வேறு யாருக்கும் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது. மற்றப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

5. டாக்டரின் சிட்டை இல்லாமல் கிடைக்காது. அடுத்த கிளினிக் வரை போதுமா என்று ஆஸ்பத்திரியை விட்டு இறங்கும் முன்பே கணக்குப் பாருங்கள். மலையில் மண் சரிந்து ரோட்டு அடைபட்டால் என்ன செய்வது என்றும் கேட்டுவையுங்கள்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

மூச்சுத் திணறலுக்கு: தலைப்பக்கத்தை இரண்டு தலையணையால் உயர்த்துங்கள், அல்லது மடியில் சாய்த்து உட்காரவையுங்கள். சன்னலைத் திறந்து முகத்தில் காற்றுப் படும்படி செய்யுங்கள். நமது காம்பராக்களில் விறகு அடுப்புப் புகை பெரிய எதிரி. அடுப்புப் பக்கம் பிள்ளையைப் படுக்கவைக்க வேண்டாம். காம்பராவுக்குள் பீடி, சிகரெட் கூடவே கூடாது.

சாப்பாட்டுக்கு: படுத்தபடி ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, கரைத்த சோறு, கஞ்சி போன்றவற்றைச் சிறு கரண்டியால், விழுங்கியதைப் பார்த்த பின் அடுத்த வாய் என்று கொடுங்கள். சாப்பிடும்போது இருமல், புரையேற்றம் அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். உணவு நெஞ்சுக்குள் போய்ச் சளியாவது இப்படித்தான்.

வாய்க்கு: மெல்லிய சுத்தமான துணியைக் கொதித்தாறிய நீரில் நனைத்து நாளுக்குப் பல தடவை துடையுங்கள். உதடு வெடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படுக்கைப் புண்ணுக்கு: அசைய முடியாத பிள்ளையை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். நம்முடைய மழையிலும் பனியிலும் துணி காயாது என்பது உண்மைதான். இருந்தாலும் ஈரத்துணியில் மட்டும் பிள்ளையைக் கிடத்தாதீர்கள். இடுப்பு, குதிகால், தலையின் பின்புறம் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

வலிப்புக்கு: பக்கவாட்டில் படுக்கவைத்து, கழுத்துத் துணியைத் தளர்த்துங்கள். வாயில் கரண்டியோ விரலோ தண்ணீரோ வேண்டாம். கையில் சாவி கொடுப்பதால் பலன் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 2016 ஆம் ஆண்டு தொடங்கிய இந்த இலவச அம்புலன்ஸ் சேவை இப்போது நாடு முழுவதும் உண்டு. தோட்டத்தின் பெயரோடு டிவிஷனின் பெயரையும் சொல்லுங்கள். மேல் லயத்துக்கு வண்டி ஏறாது என்றால் பிள்ளையை ரோட்டுக்குக் கொண்டுவர ஆட்களைத் தயார் பண்ணுங்கள்.

காய்ச்சலுக்கு: புற்றுநோய் மருந்து ஏற்றப்படும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. உடம்பு சூடு 38 பாகைக்கு மேல் என்றால் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பனடோல் கொடுத்துக் காத்திருந்தால், காய்ச்சல் அடங்கியது போல் தெரியும், கிருமி உள்ளே பரவிவிடும்.

யார் மேலும் பழி வேண்டாம்

"தாய் வயிற்று ராசி", "கிரகணத்தில் வெளியே போனாள்", "முன்வினை" என்று பேசுவோர் உண்டு. ஏற்கெனவே உடைந்திருக்கும் தாயை இந்தப் பேச்சு இன்னும் உடைக்கும். இந்த நோய்கள் எதுவும் யாருடைய பாவத்தினாலும் வருவதில்லை. புற்றுநோயோ தலசீமியாவோ தசை நோயோ தொற்றுவதும் இல்லை. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் தாராளமாகக் கூட விளையாடலாம்.

தலசீமியா போன்ற சில நோய்கள் பரம்பரையாக வருபவை. தாய் தகப்பன் இருவரும் நோயில்லாமலே அதன் கூறைச் சுமந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு பிள்ளைக்கு நோய் வரும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டும்போது இந்த வாய்ப்பு கூடுகிறது. ஆகவே குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இந்நோய் இருந்தால், கலியாணம் பேசும் இளையவர்கள் முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இதை மருத்துவமாதிடம் கேட்கலாம். தலசீமியாவுக்கென்று குருநாகலில் தேசிய நிலையமும் இருக்கிறது.

பிள்ளையிடம் என்ன சொல்வது?

மறைத்தால் பிள்ளைக்குத் தெரியாது என்று நினைக்கிறோம். பிள்ளைக்குத் தெரியும். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பதையும், பெரியவர்கள் பேச்சை நிறுத்துவதையும் அது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. யாரும் எதுவும் சொல்லாவிட்டால், "நான் குழப்படி செஞ்சதாலதான் இந்த வருத்தம்" என்று தனக்குள்ளே நினைத்துக்கொள்ளும். வயதுக்கு ஏற்றபடி, கேட்டதற்கு மட்டும், பொய்யில்லாமல் பதில் சொல்லுங்கள். "இது ஒன்னோட தப்பு இல்ல. நோவு எடுத்தா மருந்து இருக்கு. அம்மா ஒன்ன விட்டுட்டுப் போகமாட்டேன்." இந்த மூன்றையும் எந்தப் பிள்ளைக்கும் சொல்லலாம்.

முடிந்த வரை பள்ளிக்கூடம் அனுப்புங்கள். வாரத்தில் ஒரு நாள் போனாலும் அந்த ஒரு நாள் அதற்குப் பெரிது. மற்றப் பிள்ளைகளையும் மறந்துவிட வேண்டாம். அண்ணன், அக்கா பெரும்பாலும் வாய் திறக்கமாட்டார்கள். அவர்களுக்கும் நாளில் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள்.

செலவும் வேலையும்

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். கொழும்பு லேடி ரிட்ஜ்வே, பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க ஆகிய சிறுவர் வைத்தியசாலைகளும், மகரகம அபேக்ஷா வைத்தியசாலையும் இப்பிள்ளைகளைப் பார்க்கின்றன. நம்மை முறிப்பது பஸ் செலவும், வேலை போகாத நாளின் பேர் இல்லாமல் போவதும்தான். மகரகமைக்குப் போய்வருவதென்றால் மலைநாட்டிலிருந்து ஒரு நாள் போதாது. ஆகவே ஒவ்வொரு தடவையும் கொழும்புக்குத்தான் வர வேண்டுமா, நுவரெலியா, கண்டி, பதுளை ஆஸ்பத்திரி ஒன்றில் இடைக்காலக் கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. முடியுமானால் கடிதம் தருவார்.

அந்தக் கடிதத்தின் பிரதியைத் தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடமும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் கொடுத்துவையுங்கள். நடக்க முடியாத பிள்ளைகளுக்கும் நீண்டகால நோயாளருக்கும் அரசாங்கக் கொடுப்பனவு பற்றிக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் விசாரிக்கலாம். சக்கர நாற்காலிக்கும் அங்கேதான் கேட்க வேண்டும்.

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. பாரம் முழுவதையும் தாய் தலையில் வைத்துவிட்டுக் கவலைக்கென்று சாராயக் கடைப் பக்கம் போவது கவலையைக் குறைக்காது. ஒரு ராத்திரி நீங்கள் கண்விழித்தால் தாய் ஒரு ராத்திரி தூங்குவாள். லயத்து அயலவர்களும் கிளினிக் நாளில் மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பது, ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைப்பது என்று செய்யலாம். துக்கம் விசாரிக்க மட்டும் கூடுவதைவிட இது பெரிய உதவி.

கடைசிக் காலம் வந்தால்

சில பிள்ளைகளுக்கு அந்த நாள் வரும். வீட்டில் வைத்திருப்பதா, ஆஸ்பத்திரியிலா என்பதைக் குடும்பமும் டாக்டரும் முன்கூட்டியே பேசி முடிவெடுப்பது நல்லது. இரண்டில் எதுவும் குற்றமல்ல. பசி குறைவது அந்த நேரத்தில் இயற்கை. வாயில் திணிக்க வேண்டாம், உதட்டை நனைத்தால் போதும். மூச்சு விட்டுவிட்டு வரும், கைகால் குளிரும். வலி மருந்தை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பேச முடியாவிட்டாலும் பிள்ளைக்குக் காது கேட்கக்கூடும். பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துப் பேசிக்கொண்டிருங்கள். அதுவும் வைத்தியம்தான்.

அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. இந்த நோய் குணமாகுமா, கட்டுப்படுத்த மட்டும் முடியுமா?
2. வலி வந்தால் எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை?
3. எந்த அறிகுறி கண்டால் உடனே கொண்டுவர வேண்டும்?
4. கிட்டிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவீர்களா?
5. வீட்டில் பராமரிக்க யார் எங்களுக்குச் சொல்லித்தருவார்கள்?

இதை வெட்டிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மொழி விளங்காவிட்டால் தமிழ் தெரிந்த தாதியையோ உத்தியோகத்தரையோ கூப்பிடச் சொல்லுங்கள். உங்கள் லயத்தில் இப்படி ஒரு பிள்ளை காம்பராவுக்குள் மறைந்து கிடந்தால் அந்தத் தாயிடம் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்று எந்தப் பிள்ளைக்கும் விதிக்கப்படவில்லை.